ஒரு விண்ட்ஷீல்டும் முப்பத்தோரு வருட சர்வீசும்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று நானும் யூனிஸும் வண்டியில் மெதக் போய் வந்தோம். போக நூறு கிலோமீட்டர், வர நூறு. இன்று சாயங்காலம் வரைக்கும் காதுக்குள் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு 'உஸ்ஸ்' வருமே, அது. விசில் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்க வைத்திருக்கும் கண்ணாடி தபால் கார்டு அளவுதான் இருக்கிறது. அதை அழகுக்கு வைத்திருக்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் டூரிங் மோட்டார் சைக்கிள் வாங்கியதும் அழகுக்குத்தான் என்பது யூனிஸின் கட்சி.

டிசம்பர் ஒன்றாம் தேதி நாக்பூரில் பேத்திக்கு ஞானஸ்நானம். "ட்ரெயின்ல வாங்கப்பா, பாஸ் இருக்குல்ல" என்றாள் கரோலின். பாஸில் எல்லா ரயில்வேக்காரனும்தான் போவான். நானும் அம்மாவும் வண்டியில் வருகிறோம் என்று மகளிடம் மார்தட்டிவிட்டேன். ஐநூறு கிலோமீட்டர். இந்தக் காற்றோடு போனால் போய்ச் சேரும்போது காது மிஞ்சாது.

பெரிய விண்ட்ஷீல்டு ஒன்று ஆன்லைனில் ஆர்டர் போட்டாயிற்று. நானே மாட்டப்போகிறேன். முப்பத்தோரு வருடமாகச் செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே வொர்க்ஷாப்பில் ரயில் பெட்டிக்கு ஜன்னல் கண்ணாடி மாட்டுகிறவன், ஒரு பிளாஸ்டிக் பலகைக்காக மெக்கானிக்கிடம் போய் நின்றால் ஊர் சிரிக்கும்.

யூனிஸ் அடுப்படியிலிருந்து என்னவோ சொல்கிறாள். போன வருடத்திலிருந்தே இவள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். வயசாகிறது, பாவம்.

ஆகஸ்ட் 10, சனி

பார்சல் வந்துவிட்டது. பெரிய கண்ணாடி, இரண்டு கம்பிப் பிராக்கெட், நாலு போல்ட், ரப்பர் புஷ், நைலான் வாஷர். ஒரு தாள் முழுக்க ஆங்கிலத்தில் விளக்கம். 'கையால் மட்டும் முடுக்கவும்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்கள். யாருக்கு எழுதியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டேன், மேசை கறைபடாமல் இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

உடைத்துவிட்டேன்.

சர்ச் முடிந்து வந்து, சட்டையை மாற்றி, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வாசலில் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். பழைய கண்ணாடியைக் கழற்றினேன். பிராக்கெட்டை ஹெட்லைட்டுக்கு இரண்டு பக்கமும் பிடித்தேன். மூன்று போல்ட் சுகமாக உட்கார்ந்தது. நாலாவது போல்டில் கை சொன்னது: இன்னும் கால் சுற்று. ரயில் பெட்டியில் அந்தக் கால் சுற்றுதான் என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறது. ஸ்பானரை எடுத்தேன்.

உள்ளேயிருந்து யூனிஸ் ஈரக் கையோடு வந்தாள். "என்னது உடைஞ்சிது?"

"ஒண்ணும் உடையலியே."

"'டிக்'னு கேட்டுதே."

குனிந்து பார்த்தேன். போல்ட் துளையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு, தலைமுடி போல ஒரு கீறல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு விரல் வளர்ந்தது. கண்ணாடிக்கும் என் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். அவளோ குழாயைத் திறந்துவிட்டு அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இவளுக்குப் பாம்புச் செவி.

ஆகஸ்ட் 12, திங்கள்

வொர்க்ஷாப்பில் சுதர்சனிடம் மட்டும் சொன்னேன். அவனும் என்னைப் போல லாலாகுடாவில் பிறந்து வளர்ந்தவன், இருபத்தைந்து வருடமாகப் பக்கத்து பெஞ்ச். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஷாப் முழுக்கத் தெரிந்துவிட்டது. "ரயில் பெட்டி ஜன்னலை இனிமே கையால முடுக்குவோமா அண்ணா?" என்று ஒருத்தர் விடாமல் கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இரண்டாவது விண்ட்ஷீல்டு. அதே கம்பெனி. வெட்கமில்லாமல் அதே முகவரிக்கு வரவழைத்தேன்.

இந்த முறை யூனிஸ் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தத் தாளை வரி வரியாக வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் நான் "என்ன?" என்றேன். அவள் இரண்டாம் முறை வாசித்தாள். ஐந்தாவது வரியில் தாளை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "நீங்களே படிங்க." நல்ல வாத்தியாராக ஆகியிருப்பாள், கொஞ்சம் சத்தமாகப் பேசத் தெரிந்திருந்தால்.

கையால் மட்டும் முடுக்கினேன். உடையவில்லை. கம்பீரமாக இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். அப்போதுதான் புரிந்தது, இதைச் செய்தவர்கள் ஆறடி ஆளை நினைத்துச் செய்திருக்கிறார்கள். நான் ஐந்தடி நாலங்குலம். கண்ணாடியின் மேல் விளிம்பு சரியாக என் கண்ணுக்கு நேரே வருகிறது. விளிம்புக்கு மேலே ஒரு ரோடு, கீழே நெளிகிற இன்னொரு ரோடு. போலாரம் போவதற்குள் எதிரே வந்த பஸ் ஒவ்வொன்றும் இரண்டு துண்டாக வந்தது.

இரைச்சலும் குறையவில்லை. துளிகூட.

செப்டம்பர் 1, ஞாயிறு

விடாத மழை. வண்டிக்குத் தார்ப்பாய், எனக்கு மிளகாய் பஜ்ஜி.

செப்டம்பர் 8, ஞாயிறு

வெட்டினேன். இரண்டங்குலம். மேலே டேப் ஒட்டி, கோடு போட்டு, பல் சன்னமான பிளேடால் அவசரப்படாமல் அறுத்தேன். விளிம்பை அரம் போட்டு, எமரி தாளால் தேய்த்தேன். சுதர்சன் டீ குடிக்க வந்தவன், தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இடது பக்கம் எறங்கியிருக்குப்பா."

இடது பக்கத்துக்குச் சமமாக வலது பக்கத்தை அறுத்தேன். இப்போது வலது பக்கம் இறங்கிவிட்டது. மறுபடி பிளேடை எடுத்தேன்.

"நக்கோப்பா, வேண்டாம். ரெண்டு பக்கமும் சமமாகறதுக்குள்ள பழைய சைஸுக்கே வந்து நிக்கும்."

விட்டுவிட்டேன். ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் இறக்கம். எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும், சுதர்சனுக்கும், நாளை முதல் ஷாப்புக்கும்.

அவன் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தான். காற்றே இல்லை, சூப்பர் என்றான். கடைசியில் இன்னும் என்னவோ சொன்னான். தலையாட்டினேன்.

அவனுக்குக் காற்றே இல்லையாம். எனக்கு மட்டும் ஏன் இந்த உஸ்? அவன் என்னைவிட உயரம், அதனால் இருக்கும். காற்று கீழேயிருந்து ஏறுகிறதோ என்னவோ. ஹெட்லைட்டுக்கு அடியில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

ஹெட்லைட்டுக்கு அடியில் கறுப்பு ரெக்ஸின் தைத்துக் கட்டியாயிற்று. வண்டி தாடி வளர்த்த மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதினால்தான் தீரும்.

யூனிஸைப் பின்னால் உட்காரவைத்து மேட்சல் தாண்டிப் போனேன். அவுட்டர் ரிங் ரோட்டில் டூ வீலரை விடமாட்டார்கள், ஹைவேதான் கதி. அறுபதில் போகும்போது இரைச்சல் எப்படி, எழுபதில் எப்படி என்று சோதித்துக்கொண்டிருந்தேன். தலையை இடது பக்கம் சாய்த்தேன். வலது பக்கம் சாய்த்தேன். குனிந்தேன். ரோட்டைப் பார்க்கவேண்டியவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போனேன். முன்னால் ஒரு டிராக்டர். தாண்டுவதற்காக வலது பக்கம் எடுத்தேன்.

முதுகில் யூனிஸின் இரண்டு கையும் மாறி மாறி விழுந்தன. என்ன என்று கேட்பதற்குள் என் முழங்கைக்குப் பக்கத்தில், பின்னாலிருந்து வந்த ஒரு லாரி. அதன் சக்கரம் என் தோள் உயரத்துக்கு இருந்தது. எப்படி இடது பக்கம் ஒடித்தேன் என்று எனக்குத் தெரியாது. லாரி போன வேகத்தில் வண்டி ஒரு முறை உதறியது. ஓரம் கட்டினேன்.

லாரிக்காரன் நாலு தடவை ஹாரன் அடித்தானாம். அவள் சொன்னது அது ஒன்றுதான். "நாலு தடவை அடிச்சான்." ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நடந்து போய் ஸ்டாப்பில் நின்றாள். செகந்திராபாத் பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

நான் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன், மந்திரி காருக்கு எஸ்கார்ட் போகிற மாதிரி. கடைசி சீட்டில் அவள் தலை தெரிந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

பேச்சு இல்லை. தோசை மட்டும் வந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

ஹெல்மெட்தான் பிரச்சினை, புதுசு வாங்கப்போகிறேன் என்று சாப்பிடும்போது சொன்னேன். அவள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"ஹெல்மெட்டும் இல்ல, கண்ணாடியும் இல்ல. உங்களுக்குக் காது கேக்கல."

கேட்டது. இதைச் சத்தமாகத்தான் சொன்னாள்.

என்ன பேசினேன் நான்? வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். நீ முணுமுணுத்தா எவனுக்குக் கேக்கும், உங்க வீட்டுல எல்லாருக்குமே வாய்க்குள்ளதான் பேச்சு, உங்கப்பா பேசினா அவர் மீசைக்குக்கூடக் கேக்காதுன்னு. செத்துப்போன மனுஷனை எதுக்கு இழுத்தேன்? அவ அழல. தட்டை எடுத்துட்டுப் போயிட்டா. "நாக்பூருக்கு நான் ட்ரெயின்ல போறேன். நீங்க உங்க கண்ணாடியக் கூட்டிட்டு வாங்க." இதைத் திரும்பி நின்னு சொன்னா. திரும்பி நின்னு சொன்னதால ரெண்டு தடவை கேக்கவேண்டியதாயிருச்சு. அதுக்கும் சேத்துக் கோவம் எனக்கு.

கேக்காதாம். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ஒரு தடவை லீவு போட்டிருப்பேனா காதுன்னு?

செப்டம்பர் 22, ஞாயிறு

சர்ச்சில் பாஸ்டர் "எல்லாரும் எழுந்து நிற்போம்" என்றார். எழுந்தேன். சபை முழுக்கத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறது, பாடகர் வரிசையில் நான் ஒருவன் மட்டும் பாட்டுப் புஸ்தகத்தோடு தென்னைமரம் மாதிரி நிற்கிறேன். அவர் சொன்னது "எல்லாரும் அமர்ந்து ஜெபிப்போம்" என்றிருக்கலாம். யூனிஸ் பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பது பின்னங்கழுத்திலேயே தெரிந்தது.

அப்படியே நின்றபடி ஜெபம் பண்ணினேன். சிலர் அப்படியும் செய்வதுண்டு.

செப்டம்பர் 29, ஞாயிறு

தனியாகப் போனேன், தூப்ரான் பக்கம். புது ஹெல்மெட், கழுத்தைச் சுற்றி மஃப்ளர், ரெக்ஸின் தாடி, வெட்டின கண்ணாடி. காற்றுக்கு எதிராக என்னிடம் இருந்த எல்லா ஆயுதமும் எடுத்துக்கொண்டேன். உஸ்ஸ் அப்படியே இருந்தது.

எரிச்சலில் ஹைவேயை விட்டு ஒரு மண் ரோட்டில் திருப்பி நிறுத்தினேன். இரண்டு பக்கமும் மக்காச்சோளம். எஞ்சினை அணைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். மஃப்ளரை அவிழ்த்தேன். ஒரு தோகைகூட அசையவில்லை.

இரைச்சல் நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் ஹைவேயிலிருந்து வருகிறதோ என்று பார்த்தேன். ஹைவே காலியாக இருந்தது. இரண்டு காதையும் கையால் பொத்தினேன். இன்னும் தெளிவாகக் கேட்டது. அது வெளியே இல்லை.

வண்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த விண்ட்ஷீல்டைப் பார்த்தேன். பாவம், ஒன்றை உடைத்தேன், ஒன்றை அறுத்தேன், தாடி கட்டினேன். அதுபாட்டுக்கு அது வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

வொர்க்ஷாப்பில் காதுக்குப் போட இயர் மஃப் கொடுத்தார்கள். வருடா வருடம் கொடுத்தார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். ரிவெட் அடிக்கிற இடத்தில் நின்று வேலை செய்கிறவன் அதைப் போட்டால் ஆம்பளையாகத் தெரியமாட்டான் என்று ஆணியில் மாட்டிவைத்தேன். ஸ்பாஞ்ச் இயர் ப்ளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தேன். அந்த மேசையில்தான் இதை எழுதுகிறேன். ஆடவே இல்லை.

அக்டோபர் 2, புதன்

யூனிஸிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஜெயித்துவிடுவாள். இது ஒரு காரணமா என்று கேட்டால், ஆமாம், இதுதான் காரணம்.

அக்டோபர் 6, ஞாயிறு

கரோலின் போன் பண்ணினா. யூனிஸ் கடைக்குப் போயிருந்தா, நான்தான் எடுத்தேன். வழக்கமா அவ பேசுற வேகத்துக்கு நான் 'ஆங்', 'சரிம்மா', 'நல்லது'ன்னு போட்டுக்கிட்டே போவேன். அவ நிறுத்துற இடத்துல ஒண்ணு போட்டா போதும், ஓடிரும். இன்னிக்கும் அப்படித்தான். பாப்பான்னு கேட்டுச்சு. அப்புறம் என்னவோ 'சேர்த்திருக்கோம்'னு கேட்டுச்சு. சர்ச்சுல பேர் சேத்திருக்காங்கன்னு நெனச்சேன்.

"ரொம்ப சந்தோஷம்மா"ன்னேன்.

"அப்பா, நான் சொன்னது கேட்டுச்சா?"ன்னா. கேட்டுச்சுன்னு சொன்னேன். கேட்டுச்சு, நல்ல செய்தி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு சொன்னேன்.

போனை வச்சுட்டா.

பாப்பாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கு. ஏழு மாசக் குழந்தை, கையில ஊசி குத்தி மருந்து ஏத்துறாங்க. யூனிஸ் வந்து திருப்பிக் கூப்பிட்டப்பதான் தெரிஞ்சுது. கரோலின் அழுதிருக்கா. "அப்பாவுக்கு என் மேல என்ன கோவம்மா"ன்னு கேட்டிருக்கா.

கோவமாம். மகள் மேல.

வண்டியில நாக்பூர் வந்து இறங்குவேன்னு சொன்ன வீரன்.

அக்டோபர் 7, திங்கள்

காலையில் சொல்லிவிட்டேன். தூப்ரான், மக்காச்சோளம், எல்லாம். யூனிஸ் ஜெயித்த மாதிரி முகம் வைப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்" என்றாள். நான் முகத்தைப் பார்த்துக் கேட்பதற்காகக் கிட்ட வந்து, மறுபடி நிறுத்திச் சொன்னாள். "கல்யாண வீட்டுல உங்க வலது பக்கமாத்தான உட்காருதேன். யார் என்ன சொன்னாங்கன்னு உங்க காதுல திருப்பிச் சொல்லுதேன்ல. எதுக்குன்னு நெனச்சீங்க?"

நான் என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதலாம், வேறு யார் பார்க்கப்போகிறார்கள். அவளுக்கு வம்பு பேசப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

கரோலினுக்கு போன் பண்ணப் பயம். எழுதி அனுப்பினேன்: 'அம்மா, அப்பாவுக்குக் கோபம் இல்லை. அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. வெட்கப்பட்டு மறைத்தேன். மன்னித்துவிடு.' ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: டாக்டரைப் பார்க்காமல் இங்கே வரவேண்டாம்.

அக்டோபர் 16, புதன்

பேகம்பேட்டில் ஒரு கிளினிக். காது பரிசோதிக்கிற பெண் பெயர் சபீனா. வாணியம்பாடிக்காரி, ஹைதராபாத் வந்து இரண்டு வருடமாம். கல்யாணமாகி வந்த இடத்தில் தமிழ் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம். எனக்கும், கேட்ட வரைக்கும்.

ஒரு சின்ன அறை, ஐஸ்பெட்டி மாதிரி கனத்த கதவு. காதில் ஹெட்போன். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கவேண்டும். முதலில் சில சத்தம் கேட்டது, அமுக்கினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யூனிஸ் உட்கார்ந்து பார்க்கிறாள். எனக்குக் கௌரவப் பிரச்சினை. இந்நேரம் ஒன்று வந்திருக்கும் என்று உத்தேசமாக அமுக்கினேன். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

சபீனா கதவைத் திறந்தாள். "அங்கிள், நான் சத்தமே அனுப்பலை. நீங்க ரெண்டு தடவை அமுக்கிட்டீங்க."

யூனிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து அவள் சிரித்துப் பார்க்கிறேன்.

சபீனா ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். சமமாக வந்துகொண்டிருந்த கோடு ஓர் இடத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்குகிறது. கூர்மையான சத்தமெல்லாம் அந்த இடத்தில்தான் இருக்குமாம். வருடக்கணக்காகச் சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு இப்படித்தான் வருமாம். போனது திரும்பாது, மிஷின் வைத்தால் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம், அந்த உஸ் முழுக்கப் போகாது, பழகிவிடும் என்றாள். இரண்டு காதுக்கும் வேண்டும். ஹெல்மெட்டுக்குள் பொருந்துகிற மாதிரி காதுக்குள்ளேயே அடங்குகிறது இருக்கிறதா என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு யூனிஸைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

சூப்பர்வைசரிடம் சொன்னேன். இனி ரிவெட் அடிக்கிற பக்கம் வேண்டாம், முடிந்த பெட்டிகளில் ஜன்னல் சரிபார்க்கிற வேலை. ஆணியிலிருந்து இயர் மஃபை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான் அதைக் காதுக்குச் செய்கிறேன்.

சாயங்காலம் சுதர்சனும் ஒன்றைத் தேடியெடுத்து மாட்டிக்கொண்டு நின்றான்.

நவம்பர் 2, சனி

மிஷின் வந்துவிட்டது. கடலைப் பருப்பு அளவு, காதுக்கு ஒன்று.

உலகம் இவ்வளவு இரைச்சலா? என் செருப்பு சத்தம் போடுகிறது. ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் முனகுகிறது. முறுக்கு கடித்தேன், வீட்டை இடிக்கிற மாதிரி இருந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டவளுக்கு என்ன பொறுமை.

"டீ போடவா?" என்றாள் யூனிஸ், அடுப்படியிலிருந்து, திரும்பாமல்.

"போடு" என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் இல்லை.

நவம்பர் 3, ஞாயிறு

மிஷினை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். தெருமுனை போவதற்குள் நிறுத்திவிட்டேன். கடகடகடவென்று தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம். விண்ட்ஷீல்டு. பிராக்கெட்டில் இரண்டு நைலான் வாஷர் போடாமலே மாட்டியிருக்கிறேன். அது பார்சல் வந்த அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது, யூனிஸ் வாசித்த ஐந்தாவது வரி அதுதானாம்.

இரண்டு மாதமாக இந்தச் சத்தத்தோடுதான் லாலாகுடா முழுக்கச் சுற்றியிருக்கிறேன். சுதர்சனுக்கு போன் போட்டேன்.

"அன்னைக்கே சொன்னேனேப்பா, காத்து இல்ல, ஆனா கடகடன்னு ஆடுதுன்னு. நீ தலையாட்டினே. சரி, உனக்கு அது புடிச்சிருக்குபோலன்னு விட்டுட்டேன்."

முழுக்கக் கழற்றினேன். ரெக்ஸின் தாடியையும் எடுத்துவிட்டேன். வாஷர், புஷ், போல்ட் என்று வரிசையாகப் போட்டு, கையால் மட்டும் முடுக்கி, ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டேன். ஆகஸ்டில் ஆரம்பித்த வேலை இன்றைக்குத்தான் முடிந்தது. முப்பத்தோரு வருட அனுபவம், மூன்று மாதம், நாலு போல்ட்.

நவம்பர் 10, ஞாயிறு

யூனிஸ் பின்னால் ஏறினாள். ஷரத்துகள்: அறுபதுக்கு மேல் கூடாது. மிஷின் இல்லாமல் வண்டி நகரக்கூடாது. பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் வலது பக்கம் எடுக்கக்கூடாது. அவள் இடது தோளைத் தட்டினால் ஏன் என்று கேட்காமல் ஓரம் கட்டவேண்டும்.

மேட்சல் வரை போய் வந்தோம். ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஓரம் கொடுத்தேன். அவள் கை தோள் வரைக்கும் வந்து, தட்டாமல் திரும்பிப் போனதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

நவம்பர் 29, வெள்ளி. நிர்மல்

பாதி வழி. லாட்ஜ் சுமார். முதுகு சுமாருக்கும் கீழே. யூனிஸ் ஒரு குறையும் சொல்லவில்லை. சொன்னால் இப்போது கேட்டுவிடும் என்ற எச்சரிக்கையாக இருக்கலாம்.

நவம்பர் 30, சனி. நாக்பூர்

வந்து சேர்ந்தோம். பாப்பா தூங்குகிறாள். நாளைக் காலை ஒன்பதுக்கு ஆராதனை.

அதிலாபாத் தாண்டி, பென்கங்கா பாலமும் தாண்டினபிறகு ரோடு காட்டுக்குள் போகிறது. வண்டி அதிகம் இல்லை. ஐம்பதில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம். மெல்லியதாக, விட்டு விட்டு. பிராக்கெட்தான் என்று நினைத்தேன். ஓரம் கட்டி இறங்கி, நாலு போல்டையும் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தது. பெட்டி கட்டின கயிற்றையும் பார்த்தேன்.

"என்னாச்சு?" என்றாள் யூனிஸ்.

"ஒண்ணுமில்ல. சும்மா பார்த்தேன்."

கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி. இந்தத் தடவை நிறுத்தவில்லை. வேகத்தை நாற்பதுக்குக் குறைத்தேன். எஞ்சின் சத்தம் அடங்கினதும் தெரிந்தது. யூனிஸ் பாடிக்கொண்டு வருகிறாள்.

சர்ச் பாட்டு இல்லை. பழைய சினிமா டூயட், ஆண் குரலையும் அவளே பாடுகிறாள். சுருதி சுத்தமாக இல்லை. பாதி வார்த்தை மறந்து 'லாலா' போடுகிறாள். இருபத்தொன்பது வருடம், ஸ்கூட்டர், மொபெட், இந்த வண்டி, எல்லாவற்றிலும் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவள். ஒவ்வொரு தடவையும் பாடியிருப்பாளோ? நான் திரும்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிடிக்கவில்லை என்று நினைத்தாளா, பிடித்திருக்கிறது என்று நினைத்தாளா? கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டால் நிறுத்திவிடுவாள். ஹிங்கன்காட் வரைக்கும் நாற்பதிலேயே ஓட்டினேன். ஆறு பாட்டு. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள், சைக்கிள் தவிர.

வாசலில் கரோலின் நின்றுகொண்டிருந்தாள். "ரெண்டு மணிக்கு வந்துருவோம்னீங்களேப்பா. ஏன் இவ்ளோ லேட்?"

"வழியில ரோடு வேலை நடக்குது" என்றேன்.

"எங்க?" என்றாள் யூனிஸ், என் பின்னாலிருந்து.

காதில் விழாதவன் மாதிரி பாப்பாவைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.